சிவப்பாக இல்லாத ஜன்னல்

இன்று காலை பல் கழன்று விழுந்தது. பழவங்காடியில் வாங்கி வந்த கப்பலண்டி மிட்டாயை முன்பல்லால் கடித்தேன், வாய்க்குள் டக் என்று ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் கடலைத் துண்டுகளுக்கு நடுவே என் பல்லின் உறை கிடக்கிறது. அதைப் போட்டுத் தந்தது டாக்டர். போட வேண்டிய நிலைமையை உண்டாக்கியது நீ. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். உன் கீபோர்டு உடைத்த அதே சாய்வில் பாதிப் பல் அப்படியே இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, நாக்கு மட்டும் நேற்று உடைந்ததுபோல அதைத் தடவித் தடவிப் பார்க்கிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று முதல் வாரமே நினைத்தேன். வேலை இருக்கிறது, நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்தேன். செத்தவனுக்கு என்ன பயம் என்று நீ கேட்பாய். உன்னிடம் பயமில்லை. உன் தங்கையிடம்தான்.

தம்பானூரில் அந்த லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடி. கீழே பஸ் ஸ்டாண்டின் ஹாரன், மேலே நாம் இரண்டு பேர், ஐந்து கம்ப்யூட்டர்கள், மூலையில், எல்லாக் கோப்புகளையும் பொதுவாகச் சேர்த்து வைக்க, சர்வர் என்று சொல்லப்பட்ட ஆறாவது. கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் புரோகிராம் எழுதித் தருவதுதான் வேலை. நான் நாகர்கோவில் பக்கம். நீ போனக்காட்டுக்கு அப்புறம் மலைமேல் ஒரு சின்ன எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவன். இரண்டு தமிழர்கள் ஒரே அறையில், ஒத்துப்போவோம் என்று நினைத்து நம்மைச் சேர்த்தார் முதலாளி சார். முதல் நாளே நான் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ அதைப் பின்னாலிருந்து இழுத்தாய். நான் விழுந்த வேகத்தில் உன் காலைப் பிடித்து உன்னையும் தரைக்குக் கொண்டுவந்தேன். சார் கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் கிடந்தோம்.

நமக்கு நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது, அப்படியேதான் போனது. என் மூக்கில் உன் முழங்கை, உன் புருவத்தில் என் ஸ்டேப்லர். பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என்னைப் பார்த்து, தமிழன் என்ற இளக்காரத்தில், "பாண்டி" என்று சொன்னதற்கு அவன் காலரைப் பிடித்துத் தூணோடு சேர்த்து நீ முட்டியதும், விலக்க வந்த என்னையும் சேர்த்து அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. "என்னை ஏம்லே அடிச்ச?" என்று கேட்டேன். "குறுக்க வந்தல்லோ, அதான்" என்றாய். பிறகு இரண்டு பேரும் சாயா குடித்தோம்.

பெரிய சண்டை டெர்மினலில் வந்தது. கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற அந்த ஜன்னல்தான் நமக்குக் கையும் காலும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புதிதாக லினக்ஸ் போட்டோம். ஒன்றில் போட்டு முடித்து, அந்த டிஸ்கை அப்படியே மற்றதெல்லாவற்றுக்கும் நகலெடுத்தோம், சர்வர் உட்பட. அதனால் ஆறுக்கும் ஒரே பெயர், ஜன்னலில் வரும் பெயரைப் பார்த்து அது எந்தக் கம்ப்யூட்டர் என்று சொல்ல முடியாது. பெயரை மாற்றலாம், மாற்றலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். எந்த டெர்மினலை வைப்பது என்ற கேள்வி வந்தபோது சார் சொன்னது ஒன்றே ஒன்று: "எல்லாத்திலயும் ஒண்ணு மதி. கஸ்டமர் வந்து நோக்கும்போ சந்தம் வேணும்."

சந்தம் என்றால் மலையாளத்தில் அழகு, அழகு என்றால் என் பக்கம். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஜன்னல், அதற்குப் பின்னால் அருவிப் படம், மேலே வரிசையாக டேப்கள். அன்றைக்கு அதுதான் மோஸ்தர். நீ எக்ஸ்டெர்ம் என்ற பழைய மொட்டை ஜன்னலை விடமாட்டேன் என்றாய். "உன் அருவி தெறக்கறதுக்குள்ள நான் கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வருவேன்டா." நான் சும்மா இருப்பேனா? "ஒனக்க டெர்மினல் பொணத்துமேல போட்ட துணி மாதிரி இருக்கு" என்றேன். மவுஸ் பறந்து வந்து என் காதில் பட்டது. மூன்று நாள் இதே கதை. மூன்றாம் நாள் நான் உன் நெஞ்சில் உதைத்து, நீ அலமாரியோடு போய் மோதி, அலமாரிக் கண்ணாடி உடைந்து, சார் உள்ளே வந்து என் அருவிக்குத் தீர்ப்புச் சொன்னார்.

நீ ஒன்று மட்டும் கேட்டாய். சர்வருக்குப் போகிற, அடிப்பதெல்லாம் சர்வரிலேயே நடக்கிற ஜன்னல் மட்டும் எக்ஸ்டெர்மாக இருக்கட்டும், அதன் பின்னணி நல்ல சிவப்பாக இருக்கட்டும் என்று. சார் சரி என்றார். உன் திரையில் அதற்குத் தனியாக ஒரு ஐகான் வைத்தாய். அழுத்தினால் ரத்தச் சிவப்பில் ஒரு ஜன்னல் வந்து நிற்கும். நான் சிரித்தேன். "எடா, கத்தி கத்தி மாதிரி இருக்கணும். பூ மாதிரி இருந்தா கைய அறுத்துக்கும்" என்று நீ சொன்னதை அன்றைக்கு நான் கேலி செய்து சுவரில்கூட எழுதி ஒட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் தங்கை பன்னிரண்டு முடித்து நர்சிங்குக்கு இடம் வாங்கினாள். சேர வேண்டுமானால் சாதிச் சான்றிதழ் வேண்டும். அரசு சொல்கிற வருஷத்துக்கு முன்பே உங்கள் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்துவிட்டார் என்று காட்டினால்தான் சான்றிதழ் தருவேன் என்றது தாலுக்கா ஆபீஸ். லயத்தில் யாரிடமும் அப்படி ஒரு காகிதம் இல்லை. தேயிலை கிள்ளப் போனவன் காகிதத்தையா தூக்கிக்கொண்டு போனான் என்று நீ கத்தினாய். எஸ்டேட் ஆபீஸில் பழைய செக்ரோல் புத்தகங்கள் இருந்தன, யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதியவை. கணக்கப்பிள்ளையின் காலைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவற்றைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தாய். நம் ஸ்கேனரில் பக்கம் பக்கமாக ஏற்றினோம். நான் புரட்டினேன், நீ அழுத்தினாய். அன்று ஒரு நாள் நாம் சண்டை போடவில்லை. உன் தாத்தாவின் பெயர் வந்தபோது நீ அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்த பத்தாம் நாள், ஆபீஸைக் காலி செய்கிறோம், கரையான் அரித்துவிட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த லயத்தில் இருந்த அத்தனை குடும்பத்துக்கும் ஆதாரம் என்று இருந்தது நம் இரண்டாம் மாடியில்தான். சர்வரில் ஒரு படி. வெட்டி ஒழுங்குபடுத்துவதற்காக உன் கம்ப்யூட்டரில் இன்னொரு படி. சி.டி. எழுதுகிற கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. வந்ததும் எழுதிவிடலாம், லயத்து எல்லார் பக்கத்தையும் ஒன்றாக அச்சடித்துத் தாலுக்கா ஆபீஸில் கொடுக்கலாம் என்றிருந்தாய்.

இனிமேல் சொல்வது எனக்குக் கசப்பு. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் சார் முன்னால் நீ என் புரோகிராமில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து, "இவன் தலைக்குள்ளயும் அருவிதான் சாரே, சும்மா ஒழுகுது" என்றாய். சார் விழுந்து விழுந்து சிரித்தார். உன்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ வீட்டுக்குப் போன பிறகு உன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, உன் சிவப்பு ஐகானைத் திருத்தினேன். இனி அதை அழுத்தினால் சர்வர் ஜன்னலும் என் அருவியாகத்தான் வரும். இரண்டு வரி வேலை. சந்தோஷமாக விசில் அடித்துக்கொண்டே படி இறங்கினேன்.

திங்கட்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, போன் அடிக்காது. ஹர்த்தால் என்றால் நமக்கு வேலை ஓடும் நாள், அதனால் நீ கரமனையில் தங்கியிருந்த அறையிலிருந்து நடந்தே வந்தாய். ஐகானை அழுத்தினாய். அருவி வந்தது.

"இத யாருடா மாத்தினது?"

"சார் மாத்தச் சொன்னாரு. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணுமாம்" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அந்தாளுக்கு வேற பணி இல்ல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாய். சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய்.

பதினோரு மணி வாக்கில் ஜன்னல் வழியே கல் வந்தது. தெருவில் ஊர்வலக்காரர்கள், மேலே வேலை நடப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள். கண்ணாடிச் சில் உன் கழுத்தைக் கீறியது. நான் ஷட்டரை இழுக்க ஓடினேன். நீ படியில் ஓடினாய். பத்துப் பேர் நடுவில் போய் நின்று, கல் எறிந்தவன் யார் என்று கேட்டு, கேட்ட வாய் மூடுவதற்குள் ஒருவன் முகத்தில் குத்தினாய். அவர்கள் உன்னைச் சுவரோடு தள்ளி மிதித்தார்கள். கொடிக்கம்பால் முதுகில் அடித்தார்கள். லாட்ஜ் மேனேஜரும் நானும் உன்னை இழுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தியபோது உன் நெற்றி பிளந்திருந்தது, நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "நல்லா ரெண்டு கொடுத்தேன் கேட்டியா" என்றாய்.

ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தாய். நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடியும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாய். உன் டிஸ்க் நிரம்பி வழிந்தது. சர்வரில்தான் இருக்கிறதே, இங்கே இருக்கிற படியை அழித்துவிடலாம் என்று நினைத்தாய். திரையில் நான்கு ஜன்னல், நான்கிலும் என் அருவி. காலையில் நீ திட்டியது உனக்கு மறந்துபோயிருந்தது. உன் கண் பழகியிருந்தது சிவப்புக்கு. சிவப்பு இல்லையென்றால் அது உன் கம்ப்யூட்டர், உன் வீடு, பயமில்லாமல் கை ஓடும். அழிக்கிற கட்டளையை அடித்தாய். திரையின் மூலையில் உன் டிஸ்கின் காலி இடத்தைக் காட்டும் எண் அசையவில்லை. என் டெர்மினல் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தாய், அதைப் பற்றி உனக்கு நல்ல அபிப்பிராயம் எப்போது இருந்தது? பக்கத்து ஜன்னலுக்குப் போய் அதே கட்டளையை மறுபடியும் அடித்தாய். இந்தத் தடவை எண் அசைந்தது.

முதல் ஜன்னல் சர்வர். இரண்டாவது உன் கம்ப்யூட்டர்.

நீ எழுந்து போய் சர்வரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாய், பிளக் பாயிண்ட் பெயர்ந்து கையோடு வந்தது. உன் கம்ப்யூட்டரின் ஒயரையும் பிடுங்கினாய். பிறகு அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் குத்த ஆரம்பித்தாய். ஒன்று, இரண்டு, ஐந்து. சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குத்தினாய். "என் கை. என் கைதான்டா அழிச்சது. இந்தக் கை." அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

அழிப்பது என்றால் பெயர்தான் அழிகிறது, மேலே வேறு எதுவும் எழுதாதவரை உள்ளே இருப்பது டிஸ்கிலேயே கிடக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் உடனே ஒயரைப் பிடுங்கினாய். டிஸ்குகளைக் கழற்றி, ஒவ்வொரு படமும் தொடங்குகிற அடையாளத்தைத் தேட ஒரு புரோகிராம் எழுதி, ஒரு வாரம் தோண்டினோம். பக்கங்கள் வந்தன. முழுதாகச் சில, கிழிந்ததுபோலச் சில, கீழே வெறும் சாம்பல் நிறமாகச் சில. ஒவ்வொரு பெயர் வரும்போதும் நீ உரக்க வாசித்தாய், இவள் செல்வியின் பாட்டி, இவன் கிணற்று வீட்டு மாமன் என்று. முக்கால்வாசி திரும்பி வந்தது. லயத்தில் பல வீடுகளுக்கு அதை வைத்துத்தான் பிறகு சான்றிதழ் கிடைத்தது.

அரசு சொன்ன வருஷத்துக்கு முன்பு உங்கள் தாத்தாவின் பெயர் இருந்த ஒரே பக்கம் கடைசியாக வந்தது. மேலே மாதமும் வருஷமும் சுத்தமாக இருந்தன. பதினான்கு பெயர்கள் இருந்தன. பதினைந்தாவது வரியிலிருந்து சாம்பல். அவர் பதினாறாவது. நர்சிங் பள்ளியில் சேர மறுநாள்தான் கடைசி நாள்.

நீ அந்தச் சாம்பலை விரலால் துடைத்துப் பார்த்தாய். தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்ததுபோல. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"மக்கா, சார் சொல்லல. சிவப்ப எடுத்தது நான்தான். சனிக்கிழமை நீ என்னைய கேலி பண்ணினேல்லா, அதுக்குத்தான்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கீபோர்டை ஒயரோடு பிடுங்கினாய். அந்தக் காலத்துக் கீபோர்டு, நல்ல கனம். அதன் ஓரம் என் வாயில் இறங்கியது. விழுந்தேன். இரண்டாவது அடி தோளில், மூன்றாவது காதில். சாவிகள் தெறித்துத் தரையெல்லாம் எழுத்தாகக் கிடந்தது. நம்முடைய அத்தனை சண்டையிலும் முதல் தடவையாக நான் திருப்பி அடிக்கவில்லை. கையைத் தூக்கி முகத்தைக்கூட மறைக்கவில்லை. அது புரிந்ததும்தான் நீ நிறுத்தினாய்.

மூச்சிரைக்க நின்றாய். பிறகு குனிந்து, சாவிகளுக்கு நடுவே தேடி, என் பல்லின் துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். ஆட்டோவில் ஏற்றிப் பழவங்காடி டாக்டரிடம் கூட்டிப்போனாய். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"வலிக்குதா?"

தலையாட்டினேன்.

"வலிக்கட்டும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசவில்லை. நாம் சேர்ந்து வேலை பார்த்தோம், அடித்துக்கொண்டோம், வேறு வேறு கம்பெனிக்குப் போனோம். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் சண்டை போட்டாய். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் உட்காருகிற எந்த இடத்திலும் சர்வர் ஜன்னல் சிவப்புதான். ஆபீஸில் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், கண்ணைக் குத்துகிறது என்பார்கள். குத்தட்டும் என்பேன். யாராவது நிறத்தை மாற்றினால் நான் போடும் சத்தத்தில் அடுத்த மாடியில் எட்டிப் பார்ப்பார்கள். காரணம் கேட்டவர்களிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

மலை வளைவில் உன் பைக் சறுக்கி, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து நீ போய்ச் சேர்ந்தாய். அதே ஆஸ்பத்திரியில்தான் உன் தங்கை இருக்கிறாள், நர்ஸாக இல்லை. நர்ஸுகளுக்குப் படுக்கை விரிப்பு எடுத்துக் கொடுக்கிற, தரை துடைக்கிற வேலை. உன்னை எடுத்த அன்று லயத்து வாசலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பேப்பரெல்லாம் தன் கையாலதான் போச்சுன்னு அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிச்சு அண்ணா. கண் மூடறதுக்கு முந்தின நாளும், 'நான்தான்டீ அழிச்சேன், என்னைத் திட்டிக்கோ'ன்னு. நானும் எத்தனை வருஷம் திட்டியிருக்கேன் தெரியுமா? பேசாமக்கூட இருந்திருக்கேன்."

உனக்கு என்ன பிடிவாதம்! என் பல்லை உடைத்த கையால் என் பழியையும் எடுத்துக்கொண்டு போனாயே. அவள் உன்னோடு பேசாமல் இருந்த வருஷங்களெல்லாம் என்னுடையவை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் மறுபடியும் விழுங்கினேன். இரண்டாவது தடவை. இந்த எட்டு மாதமும் எழுதாமல் இருந்தது அதனால்தான்.

இன்று பல் விழுந்த பிறகு டாக்டருக்குப் போன் செய்ய எடுத்தேன். அவள் நம்பரை அடித்தேன். பாதிப் பல்லில் காற்று போக, அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வரிதான் சொல்லியிருப்பேன். அந்தப் பக்கமிருந்து உன் குரலே வந்ததுபோல ஒரு குரல் வந்தது.

"நிறுத்துங்க. போன்ல சொல்ற காரியமா இது? நாளைக்கு ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வாங்க."

போகிறேன். உறையைப் போட்டுக்கொள்ளவில்லை, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமையிலிருந்து தொடங்கி, விசில் அடித்ததையும் விடாமல் சொல்வேன். அவளும் உன் அம்மா பெற்றவள்தான், உன் கைதான் அவளுக்கும் இருக்கும். எட்டுகிற தூரத்தில் போய் நிற்பேன், கையைத் தூக்க மாட்டேன். மிச்சப் பல்லெல்லாம் உறுதியாகத்தான் இருக்கிறது.